பகாவ் மாப்பிள்ளை

கல்யாணமானவனை ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப் போகமாட்டான் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அவ்வளவுதான், மலாயாவில் மந்தினுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். தங்கத்துக்கு எங்கே போவது? மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கோத்துக் கட்டினார்கள். விருந்துக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கு. சயாமில் ரயில் பாதை போடப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராத காலம் அது.

அப்போதுதான் முருகையா, வீரமுத்துவின் வீட்டுக்கு வந்து பெண் கேட்டான். வீரமுத்துவின் மகள் முத்தாயியும் அவனும் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் வெட்டியவர்கள். இரண்டு பேருக்கும் தாய் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். காய்ச்சலில் கிடப்பவர் வீட்டுக்குத் தண்ணீர் தூக்க அவர்கள்தான் முதலில் வருவார்கள். தேடினாலும் இப்படி ஒரு ஜோடி கிடைக்காது என்று நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயமே சொன்னது. ஜாதி மட்டும் வேறு.

அதுவரை பெரியப்பா என்று கூப்பிட்டவன் அன்று, "மாமா" என்றான்.

"பெரியப்பான்னே கூப்பிடு தம்பி," என்றார் வீரமுத்து. "நீ நல்ல பையன்தான், இல்லேங்கல. எங்க அக்கா மகன் ஆறுமுகம் பகாவ்ல இருக்கான்லா. முறைக்காரன் இருக்க, வெளியில எப்படிக் குடுக்கிறது?"

முத்தாயி அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மஞ்சக் கயிறுதானேப்பா. கட்டினா ஒரு உசிரு பொழைக்கும்."

"பகாவுக்குப் போய் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன். அதுவரைக்கும் பொறு."

எங்கள் அப்பன்மார் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே ஆபீஸ் கிராணியிடம் ஏச்சு வாங்கியவர்கள் நாங்கள். ஜப்பான்காரன் அறைந்தபோது எவன் கன்னத்திலும் ஜாதி பார்க்கவில்லை. வீரமுத்து பார்த்தார்.

அவர் பகாவுக்கு நடந்தே போனார். திரும்புவதற்குள் லாரி வந்துவிட்டது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தினார்கள். பெண்டாட்டியோடு நின்றவர்களை அன்று உண்மையாகவே விட்டுவிட்டார்கள். முருகையாவை ஏற்றினார்கள். முத்தாயி ஓடிப்போய், "இவரு என் புருஷன்!" என்று கத்தினாள். ஜப்பான்காரனோடு வந்த தமிழன் ஒருவன் அவள் கழுத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, லாரியை எடுக்கச் சொன்னான்.

வீரமுத்து கால் வீங்கித் திரும்பினார். ஆறுமுகத்துக்கு எப்போதோ கல்யாணம் முடிந்திருந்தது. பயத்தில் அவன் அம்மாவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டி வைத்துவிட்டாள். பெண் என்ன ஜாதி என்று தம்பி வீரமுத்து கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும்? எம்புள்ள வீட்டுல இருக்கான், அது போதும்" என்றாளாம்.

யுத்தம் முடிந்து சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்தார்கள். முருகையா வரவில்லை. முத்தாயி மறுபடியும் பால்மரம் வெட்டப் போனாள், அப்பாவுக்குச் சோறு பொங்கினாள். வருஷங்கள் அப்படியே போயின. ஒருநாள் வீரமுத்து சோற்றை அளைந்தபடியே சொன்னார்: "எந்த ஜாதியா இருந்தாலும் சரி தாயி, ஒருத்தனைக் கட்டிக்க."

"ஜாதி வேணாம்னு இப்ப சொல்றீங்க," என்றாள் அவள். "கல்யாணமாகாத ஆம்பளைங்க தோட்டத்துல எங்கப்பா மிச்சம்?"