எட்டாவது பொத்தான்

அவருக்குத் தொழில் குழாய் வேலை, பட்டப்பெயரும் குழாய்தான். வருடத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் மற்றவர் வீட்டுக் குழாயில் அடைப்பு எடுப்பார். ஒரே ஒரு மாலை, கிறிஸ்துமஸ் கச்சேரியில், தன் குழாயை எடுத்து ஊதுவார். அந்த டிரம்பெட்டுக்காகத்தான் மனுஷன் மற்ற நாட்களில் உயிரோடு இருக்கிறார் என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம். அவளும் அதே கச்சேரியில் பாடுபவள். இரண்டாம் வரிசை, இடது ஓரம்.

ஊதுவதில் அவருக்குக் கஷ்டமே இல்லை. ஊதாமல் இருப்பதுதான் கஷ்டம். கடைசிப் பாட்டில் பாடகர்களும் ஆர்கனும் எண்பத்து நாலு சுற்று போவார்கள். நாலு தட்டுக்கு ஒரு சுற்று. மொத்தம் நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அதுவரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எண்பத்தைந்தாம் சுற்றில் சரியாக நுழைய வேண்டும். மனதுக்குள் எண்ணினால் இருபதைத் தாண்டுவதற்குள் எங்கேயோ கசிகிற குழாய் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். இடது கட்டைவிரல் மற்ற நாலு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணும்: பன்னிரண்டு. பன்னிரண்டு முடிந்தால் வலது கை விரல் கோட்டில் ஒரு பொத்தான் கீழே இறங்கும். கோட்டில் ஏழு பொத்தான். எட்டாவது, ஒன்பது வருடத்துக்கு முன் ஏணியில் மாட்டி அறுந்து போனது. ஏழு பன்னிரண்டு எண்பத்து நாலு. விரலுக்குக் கீழே வேறு பொத்தான் தட்டுப்படவில்லை என்றால் அதுதான் கடைசி. உடனே மடியிலிருந்து டிரம்பெட்டை எடுத்துவிடுவார்.

போன வருடம் மூன்றாம் வரிசையில் ஒருவர் தும்மிய தும்மலில் விரல் ஒரு பொத்தானைத் தாண்டிவிட்டது. முப்பத்தாறு வினாடி முன்னதாகவே பாடகர்களின் காதோரம் முழங்கிவிட்டார்.

ஆர்கன் வாசித்துக் கச்சேரியை நடத்தும் டீச்சர் அதை மறக்கவில்லை. இந்த வருட ஒத்திகை முடிந்ததும் ஆர்கனின் வலது பக்கத்தில் இருந்த குமிழ் ஒன்றைத் தட்டிக் காட்டினார்.

"இது என்னன்னு தெரியுமா, குழாய்?"

"தெரியும் டீச்சர். இழுத்தா டிரம்பெட் சத்தம் வரும்."

"சாப்பாடு கேக்காது. தும்மலுக்குப் பயப்படாது. நாளைக்கு நீங்க ஒரு சுற்று தவறினாலும் இதை இழுத்துடுவேன். அடுத்த வருஷம் நீங்க கீழ உக்காந்து கேக்கலாம்."

கச்சேரி ஐந்தரைக்கு. குழாய் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு சமையலறை ஒழுகலை முடித்துவிட்டு நனைந்த கையோடு வந்தார். மனைவியே கோட்டை மாட்டி, மேலிருந்து கீழே பொத்தான் போட்டுவிட்டாள்.

"நிமிந்து நில்லுங்க. ஊதுறவர் மாதிரியா இருக்கீங்க? ஊதிவிட்ட பலூன் மாதிரி இருக்கீங்க."

"வழியை விடு தாயே, நேரமாச்சு!"

கடைசிப் பாட்டு தொடங்கியது. குழாய் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மனைவி மேல் வைத்துக்கொண்டார். டீச்சரைப் பார்த்தால் எண்ணிக்கை தப்பும். கட்டைவிரல் கணுக் கணுவாக நடந்தது. ஆறாவது பொத்தான் முடிந்தது. ஏழாவதுக்கு இறங்கிய விரல், வழக்கம்போலக் கீழே தடவியது. இன்னொன்று தட்டுப்பட்டது. ஓகோ, இன்னும் நேரம் இருக்கிறது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

பாடிக்கொண்டிருந்த மனைவி அதைப் பார்த்துவிட்டாள். போன வருடத்தை விட்டால், ஒன்பது வருடமாக இந்த இடத்தில் டிரம்பெட் மடியை விட்டு எழும். இன்று மனுஷன் சாய்கிறாரே! காலை பதினோரு மணிக்கு, கச்சேரிக்குப் போகிற கோட்டு வயிற்றண்டை வாயைப் பிளந்திருக்கிறதே என்று, அவளே தன் கையால் தைத்த பொத்தான் கண்முன் வந்து நின்றது. அவர் எண்ணுவது பொத்தானை வைத்து என்பதை மறந்து, நல்லது செய்யப் போய் நடுக்கிணற்றில் தள்ளிவிட்டோமே!

பாட்டை விடாமல், தன் அங்கியின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துப் பிய்த்து எறிவதுபோல் காட்டினாள். நாலாவது கணுவில் இருந்த குழாய், பாவம், வயிற்றுவலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் பாடியவளும் அப்படியே நினைத்துச் சற்று விலகி நின்றாள். ஆறாவது கணு. டீச்சர் ஓரக்கண்ணால் குழாயின் மடியைப் பார்த்தார். வலது கை குமிழ் பக்கம் நகர்ந்தது.

மனைவி விரலைக் குவித்து, ஊசியில் நூல் இழுப்பதுபோல மேலே இழுத்தாள். ஒரு தரம். இரண்டு தரம். ஊசியா? குழாய் குனிந்து பார்த்தார். கறுப்புக் கோட்டின் அடியில், வெள்ளை நூலில், பளபளவென்று ஒரு பொத்தான்.

ஒன்பதாவது கணு.

டிரம்பெட் உதட்டுக்கு வந்தபோது பதினொன்று. டீச்சரின் விரல்கள் குமிழைப் பிடித்திருந்தன. பன்னிரண்டு. அது முடிந்ததும் குழாய் ஊதினார். இம்மி பிசகவில்லை. குமிழை விட்டுவிட்டு டீச்சரின் கை ஆர்கன் கட்டைகளுக்குத் திரும்பியது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலையும்போது மனைவி ஓடி வந்து பொத்தான் கதையை ஒரே மூச்சில் கொட்டினாள்.

"தப்பு என் மேலதான் டீச்சர்."

"ஆமா, ஆமா," என்றார் குழாய். "ஒம்பது வருஷமா தைக்காதவ இன்னைக்கா தைப்பா?"

"நீங்க மட்டும் என்ன? வாத்தியம் வாசிக்கிறவர் பொத்தானைத் தடவிட்டு உக்காந்திருக்கீங்க!" என்றாள் அவள்.

டீச்சர் இசை நோட்டுத் தாள்களை வெட்டி ஒட்ட வைத்திருந்த கத்தரிக்கோலைப் பையிலிருந்து எடுத்தார். குனிந்து, வெள்ளை நூலை நறுக்கென்று வெட்டினார். பொத்தானைக் குழாயின் உள்ளங்கையில் வைத்தார்.

"அடுத்த வருஷமும் இதே கோட்டுதான். துவைக்கலாம். தைக்கக் கூடாது."