நான் கொடுக்காத சத்தம்

சபை மக்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வரி நேராகப் போகாது, எழுத்தும் தப்பும் தவறுமாக வரும். என் மகள் கிரேஸி எழுத்தை மட்டும் திருத்தித் தருகிறாள். வார்த்தை என்னுடையது. சாட்சி நேரத்தில் எழுந்து பேச எனக்கு வாய் வராது என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். பாஸ்டர் ஐயா வாசிக்கட்டும்.

நான் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில், தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம் ஓட்டுகிறேன். என் தங்கை சாந்தியின் வீட்டுக்காரர் எட்வினுக்கும் அங்கேதான் வேலை. நான்தான் சேர்த்துவிட்டேன். தோலில் முடி எடுக்கிற சுண்ணாம்புத் தண்ணீரும், பிறகு போடுகிற ஆசிட் தண்ணீரும் எங்கள் இடத்தில் ஒரே கால்வாயில்தான் போகும். இரண்டும் கலந்தால் விஷ வாயு கிளம்பும். அதனால் ஆசிட் டிரம்மைத் திறக்கிறவன் முதலில் “ஆசிட் வருது!” என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கால்வாய் கழுவாமல் இருந்தால் அங்கே இருக்கிறவர் “நில்லு!” என்று கத்துவார். இதுதான் எங்கள் வழக்கம்.

எனக்குக் கத்த வராது. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சம். இத்தனை வருஷமும் நான் நடந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் திறப்பேன். போன ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, டீ வந்துவிட்டது. நான் போய்ப் பார்க்கவில்லை. கத்தவும் இல்லை. திறந்துவிட்டேன்.

அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. எட்டிப் பார்த்தால், கால்வாயில் அடைத்த முடியை வாரிக்கொண்டிருந்த எட்வின் அப்படியே மடங்கி விழுகிறான். வால்வை மூடினேன். ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடி இழுத்து வெளியே போட்டேன். அவன் வாயில் நுரை.

வேலூரில் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் மெஷின்தான் அவனுக்கு மூச்சு விட்டது. சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சூப்பர்வைசர் வந்து கேட்டார், “சத்தம் குடுத்தியாப்பா?”

“குடுத்தேன் சார்” என்றேன்.

எப்படி அந்தப் பொய் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. வராத வாய் அப்போது மட்டும் வந்தது. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினேன். “ஆண்டவரே, என் மாப்பிள்ளைக்கு மூச்சைத் திருப்பிக் குடுங்க. அவன் கண்ணைத் திறந்தா நானே உண்மையைச் சொல்லிடுறேன்.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு ஜெபம் தெரியவில்லை.

ஏழாம் நாள் கண்ணைத் திறந்தான். குழாயை எடுத்ததும் என்னைப் பார்த்து அவன் சொன்ன முதல் பேச்சு இது: “மச்சான், நீங்க கத்தினது என் காதுல விழவே இல்ல.”

நான் தலையை ஆட்டினேன். ஆண்டவர் நான் கேட்டதைக் கொடுத்தார். நான் என் வாக்கைக் காப்பாற்றவில்லை.

மாப்பிள்ளையைக் காப்பாற்றினவன் என்று ஊரெல்லாம் என்னைப் பாராட்டியது. எட்வின் டாக்டரிடம் போய்த் தன் காதைச் சோதித்துப் பார்த்தான். காது நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியும் தன்னையே நொந்துகொண்டான். சாந்தி சும்மா இருக்க மாட்டாள். “இன்னா செவுடு, குக்கர் விசிலாவது கேக்குதா?” என்பாள். அவன் சிரிப்பான். நான் குனிந்து தட்டைப் பார்ப்பேன். சபையில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பாடும்போது நான் உதட்டை மட்டும் அசைப்பேன்.

கிறிஸ்மஸ் அன்று எல்லாரும் எங்கள் வீட்டில்தான் கூடுவோம். அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம் ஒன்று உண்டு. பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு, சின்னவரிலிருந்து பெரியவர் வரை ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொன்ன பிறகுதான் மூடியைத் திறப்போம். இப்போது நான்தான் கடைசி. “எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பசியோடு இருக்கிற பிள்ளைகளுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

எட்வின் முறை வந்தது. “இந்தச் செவிட்டுக் காதால செத்துப் போயிருப்பேன். மச்சான்தான் இழுத்துப் போட்டாரு. ஆண்டவர் அவரை நல்லா வெச்சிருக்கணும்” என்றான்.

“மாமா ஒரே வார்த்தைதான். தட்டை எடுங்கடா!” என்றாள் சாந்தியின் மூத்த பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். ஆண்டவரே, வாயைத் திறங்க என்று மனதுக்குள் கேட்டேன். திறந்தார்.

“மாப்ள, உன் காதுல ஒண்ணும் இல்ல. நான் சத்தம் குடுக்கல.”

யாருக்கும் புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். இந்த முறை கத்தியே சொன்னேன் போல. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள் என்று கிரேஸி பிறகு சொன்னாள்.

எட்வின் என்னையே பார்த்தான். “அப்போ என் தப்பு இல்லையா மச்சான்?”

“இல்ல மாப்ள.”

“நெசமாவே இல்லையா?” என்று இன்னொரு தடவை கேட்டான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஆஸ்பத்திரியில்கூட அவன் அப்படி அழவில்லை.

சாந்தி அழவில்லை. “நாலு மாசமா அவரை நான் செவுடுன்னு கூப்பிட்டேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே அண்ணா” என்றாள். சாப்பிடாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். என் மனைவி தூக்குப் பாத்திரத்தில் பிரியாணி போட்டு நீட்டினாள். எட்வின்தான் வாங்கிக்கொண்டான். போகும்போது என் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனான்.

சனிக்கிழமை சூப்பர்வைசரிடமும் சொன்னேன். மேலே பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வேலை இருக்குமா என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு மூன்று முறை ஆசிட் திறந்தேன். மூன்று முறையும் கத்தினேன்.

சாந்தி இன்னும் என்னோடு பேசவில்லை. இன்று ஆராதனை முடிந்து, அந்தத் தூக்குப் பாத்திரத்தைக் கழுவித் தன் மூத்த பெண்ணிடம் கொடுத்தனுப்பினாள். திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு பிடி சர்க்கரை. காலிப் பாத்திரம் அனுப்பக் கூடாது என்று பழக்கத்தில் போட்டாளா, எனக்காகப் போட்டாளா என்று தெரியவில்லை. ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

என் மாப்பிள்ளைக்கு மூச்சும் எனக்கு வாயும் கொடுத்தவர் ஒருவரே. உங்களில் யாராவது என்னைப் போல ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு பாட முடியாமல் உட்கார்ந்திருந்தால், அவரிடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். சாந்திக்காகவும் ஜெபம் பண்ணுங்கள்.

இதை எழுதி முடித்தது, 2025 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை.