அக்கா போன பிறகு

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் ‘சின்னவள்’ என்றுதான் சொல்வார்கள். வயது நாற்பத்தாறு. பெரியவள் அவளுடைய அக்கா. இருபது வருடங்களாக இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்புகளை மடித்தார்கள். ஒரே வீடு, ஒரே பஸ். வீட்டுச் சொந்தக்காரரிடம் சண்டை, மேற்பார்வையாளரிடம் லீவு, கடைக்காரரிடம் பேரம் என்று பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசிவிடுவாள். டாக்டர் சின்னவளைப் பார்த்து, “எங்கம்மா வலிக்குது?” என்று கேட்டால்கூட, “இடுப்புல சார்” என்று அக்காதான் பதில் சொல்வாள்.

போன வருடம் அந்த அக்கா, தன் ஐம்பத்திரண்டாவது வயதில், மனைவியை இழந்த ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அவருடைய ஊருக்குப் போய்விட்டாள். சின்னவள் கல்யாணத்துக்குப் போகவில்லை.

“இந்த வயசுல இது தேவையா?” என்று மட்டும் கேட்டாள்.

“தேவைதான்டி” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அக்கா போன் செய்தால் சின்னவள் எடுப்பதில்லை.

முதல் மாதமே குளியலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. குழாய் ரிப்பேர்காரரின் நம்பர் சுவரில் எழுதியிருந்தது. ஆனால் என்னவென்று பேசுவது? வாளியை வைத்து ஒன்பது நாள் சமாளித்தாள். பத்தாம் நாள், தன் வீட்டுக் கூரை முழுக்க ஈரம் என்று கீழ்வீட்டுக்காரி படியேறி வந்தாள்.

“வாயத் தொறந்தா முத்து கொட்டிடுமா? முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

அவள் போனதும் சின்னவள் நம்பரை அழுத்தினாள். அன்று முழுக்க யாரிடமும் பேசாததால் குரல் கட்டியிருந்தது. “ஹலோ, யாருங்க? லைன்ல இருக்கீங்களா?” என்று அந்த ஆள் மூன்று முறை கேட்ட பிறகுதான், “குழாய் ஒழுகுது” என்ற இரண்டு வார்த்தை வெளியே வந்தது.

சலவைக் கூடத்தில் இன்னொரு தொல்லை. கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் மேற்பார்வையாளர் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவளையே வேலைக்குப் போட்டார். ஐந்து மாதம் போனாள். ஆறாவது மாதம் அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“சார், இனிமே ஞாயித்துக்கிழமை வர மாட்டேன்.”

“ஏன், என்ன வேலை உனக்கு?”

“வேலை ஒண்ணும் இல்ல சார். வர மாட்டேன், அவ்வளவுதான்.”

அவர் பேனாவை எடுத்து அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இருந்த அவள் பெயரை அடித்துவிட்டார். இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆச்சரியம். ஆனால் அந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் நினைத்த மாதிரி இல்லை. ஒன்பது மணிக்கே வீட்டு வேலை முடிந்துவிட்டது. பிறகு ஜன்னலருகே உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். விஷயத்தைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. அன்று சாயங்காலம் அக்காவின் போன் வந்தபோது எடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமை முடியாதுன்னு சொல்லிட்டேன்க்கா.”

“நீயா? நெஜமாவா?” அக்கா சிரித்தாள். பிறகு அழுதாள். “எட்டு வருஷமா அவரைக் காக்க வச்சேன்டி. நீ தனியா எப்படி இருப்பேன்னுதான்.”

அக்கா தன்னை விட்டுவிட்டுப் போனாள் என்றே சின்னவள் அவ்வளவு நாளும் பொருமியிருந்தாள். எட்டு வருடம் ஒருத்தியைப் பிடித்து வைத்திருந்தது தான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

அடுத்த மாதம் அக்காவைப் பார்க்கப் போனாள். பின்பக்கத்து அறை ஒன்றைச் சுத்தம் செய்து, கட்டிலெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள்.

“இங்கயே இருந்துடு” என்றாள் அக்கா. “உன் மாமாவும் அதத்தான் சொல்றாரு.”

“வேண்டாம்க்கா.”

“அங்க தனியாக் கிடந்து என்ன பண்ணப் போற?”

“கஷ்டமாத்தான் இருக்கு. சில நாள் ரொம்பவே. ஆனா இருந்துக்கிறேன்.”

அக்கா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், “வீட்ல யார் யாரும்மா?” என்று விசாரித்தாள்.

“நான் மட்டும்தான்” என்றாள் சின்னவள். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனாள். சின்னவளுடைய ஊர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.