சி-402இல் யார்?

எங்கள் மேடவாக்கம் அடுக்ககத்துக்கு அன்று தண்ணீர் லாரி வரவில்லை. மதியம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி: ‘சி-402. குழந்தைக்கு வாந்தி, பேதி. ரெண்டு பக்கெட் தண்ணி கிடைக்குமா?’

என் வீட்டில் இரண்டு டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

மாலையில் லிஃப்டில் காலி பக்கெட்டுடன் கவிதா நின்றாள். தினமும் லிஃப்டில் சிரித்துப் பேசுவோம். வீட்டு எண்ணோ போன் எண்ணோ கேட்டதில்லை.

“குரூப்ல போட்டேன்க்கா. யாருமே குடுக்கல.”

“ஐயோ, நீயா அது? தெரிஞ்சிருந்தா உடனே குடுத்திருப்பேனே!”

“என்னைத் தெரியாட்டி என்னக்கா? குழந்தைக்குன்னு போட்டிருந்தேனே.”

ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். குழந்தை தேறிவிட்டது.

இப்போதெல்லாம் குழுவில் யார் உதவி கேட்டாலும், நேரே போய்க் கதவைத் தட்டுகிறேன். ஆனாலும் உறுத்துகிறது: அன்று லிஃப்டில் நின்றது முன்பின் தெரியாதவளாக இருந்திருந்தால்?