எல்லா வாசலிலும் நின்றேன்

போன மாதம் என் மகன் சேவியருக்கு ஒரு கடிதம் வந்தது. வயது வந்த பையன்கள் எல்லாரும் பட்டாளத்தில் செய்யவேண்டிய தேசிய சேவைக்கு வந்து பதிந்துகொள்ளச் சொல்லி அரசாங்கம் அனுப்பியது. அவன் காணாமல் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அரசாங்கத்தின் ஏட்டில் அவன் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நானும் என் மனைவி லூர்துமேரியும் சமையலறையில் வெகுநேரம் நின்றோம்.

அதனால்தான் இன்று எழுந்து நிற்கிறேன். இந்த ஜெபக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தே பழகியவன் நான். நோய் தீர்ந்தது, வேலை கிடைத்தது என்று ஒவ்வொருவரும் சாட்சி சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். சில நாள் பாதியிலேயே எழுந்து போயிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மகன் திரும்பி வரவில்லை. அப்புறம் என்னத்துக்குச் சாட்சி என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

1976ஆம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சேவியரைத் தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு ஆறு வயது. இடது புருவத்தில் கட்டிலில் இடித்துக்கொண்ட தழும்பு இருக்கும். ஆட்டிறைச்சிக் கடையில் நல்ல கூட்டம். பொட்டலத்தை வாங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவன் கையை விட்டேன். வாங்கித் திரும்பினேன். அவன் இல்லை.

வெற்றிலை விற்கிற அம்மா பார்த்திருக்கிறார். யாரோ ஒரு ஆள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சாலைப் பக்கம் போனானாம். "பையன் அழுவலைங்க, சிரிச்சிக்கிட்டுத்தான் போனான். நீங்க சொல்லி அனுப்பின ஆளுன்னு நெனச்சேன்" என்றார். அந்தச் சிரிப்பு இன்றுவரை என்னைத் தூங்கவிடுவதில்லை.

போலீஸ் தேடியது. கோவில் மக்கள் தேடினார்கள். பாலம் கட்டப் பிள்ளைகளின் தலையை எடுக்கிறார்கள் என்று எங்கள் அடுக்குமாடி புளோக்கில் யாரோ பேச, அது லூர்துமேரி காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் பாலத்தைக் கண்டாலே பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்வாள். எங்கள் மகள் ரீத்தாவுக்கு அப்போது நான்கு வயது. வீட்டின் இரும்புக் கதவுக்கு ஒரு பூட்டு வந்தது. சாவி லூர்துமேரியின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. ரீத்தா பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு, மணி அடிக்கும்வரை லூர்துமேரி பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். மற்றப் பிள்ளைகளோடு விளையாட விடமாட்டாள்.

நான் செய்தது அதைவிட மோசம். என் வேலை வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரும் தண்ணீர் மீட்டரும் பார்த்து எழுதுவது. அந்தக் காலத்தில் அடுக்குமாடி வீடுகளில் பகலில் கதவு திறந்தே கிடக்கும். நடைபாதையில் நடந்தால் ஒவ்வொரு வீட்டின் கூடமும் தெரியும். நான் மீட்டரைப் பார்த்ததைவிட உள்ளே இருந்த பிள்ளைகளைப் பார்த்ததுதான் அதிகம். தோ பாயோ, குவீன்ஸ்டவுன், கேலாங், எங்கே அனுப்பினாலும் சந்தோஷமாகப் போவேன். புது வட்டாரம் கொடுங்கள் என்று நானே கேட்பேன். எல்லாரும் என்னை உழைப்பாளி என்று நினைத்தார்கள். லீவு நாளிலும் போனேன். சாயங்காலம் வீடு திரும்பினால் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவேன். ரீத்தா எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று ஒருவர் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை.

1982இல் கேலாங்கில் ஒரு மாடியில் அவனைப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பையன், பள்ளிச் சீருடை, இடது புருவத்தில் தழும்பு. "சேவியர்" என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். எனக்கு அது போதும். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். உன் அப்பாடா, உன் அப்பாடா என்று சொல்லிக்கொண்டே இழுத்தேன். பையன் அலறினான். அவனுடைய அம்மா ஓடிவந்தார், நம்ம தமிழ் ஆள்தான். "ஐயோ, பிள்ளை பிடிக்கிறவன், யாராச்சும் வாங்களேன்" என்று கத்தினார். அக்கம்பக்கத்தார் என்னைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து அடித்தார்கள். நான் தடுக்கவில்லை. அந்தப் பையனின் தழும்பைக் கிட்டத்தில் பார்த்தேன். அது வேறு தழும்பு.

யாரோ கூப்பிட்டு வந்த போலீஸ்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு, "அங்கிள், வீட்டுக்குப் போங்க லா. இனிமே இப்படிச் செய்யாதீங்க" என்று விட்டுவிட்டார். நான் வீட்டுக்குப் போகவில்லை, கோவிலுக்குப் போனேன். மத்தியான நேரம், உள்ளே யாரும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவனே பிள்ளை பிடிக்கிறவன் ஆகிவிட்டேன். அந்தப் பையனின் கையில் என் விரல் பதிந்த அடையாளம் கண்ணுக்குள் நின்றது. முழங்காலில் நிற்கக்கூட முடியவில்லை, பெஞ்சில் படுத்துவிட்டேன். "ஆண்டவரே, ஆறு வருஷமாகத் தேடிவிட்டேன். இனி எங்கே போய்ப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீரே காட்டும். இல்லாவிட்டால் என்னை எடுத்துக்கொள்ளும்" என்றேன். உண்மையில் இரண்டாவதைத்தான் விரும்பினேன்.

அது அக்டோபர் மாதம். கல்லறைத் திருநாளுக்காகக் கோவிலில் ஒரு உறை கொடுப்பார்கள் அல்லவா, குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரை எழுதிப் போடுகிற உறை. எங்கள் வீட்டில் அதனால் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. ஒருமுறை நான் சேவியரின் பெயரை எழுதினேன். எங்கே இருந்தாலும் அவனுக்காக நாலு பேர் ஜெபிக்கட்டுமே என்று நினைத்தேன். லூர்துமேரி அதைக் கிழித்துப் போட்டு, "எம் புள்ளைய நீயே பொதைக்கிறியா?" என்று கேட்டாள். அதன் பிறகு அந்த உறையை நாங்கள் யாரும் தொடுவதில்லை.

நான் ஜெபித்த மறுவாரம் கோவில் உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெயர்களைப் பிரதி எடுத்து எழுதுகிறவர் அவர்தான். அந்த வருஷம் எங்கள் உறையும் பெட்டியில் விழுந்திருந்ததாம். என்னை வெளியே நடைபாதைக்குக் கூப்பிட்டு, "அண்ணே, இதப் பாருங்க" என்று தாளைக் கொடுத்தார். சின்னப் பிள்ளையின் கையெழுத்து. என் அப்பா பெயர், என் அம்மா பெயர். அதற்குக் கீழே ரீத்தா.

தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவளைக் கூப்பிட்டேன். என்ன தப்பு செய்தோமோ என்று பயந்து வந்து நின்றாள். பத்து வயதுப் பிள்ளை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அது எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியவில்லை.

"இது செத்தவங்க பேரு எழுதறதும்மா. உன் பேர ஏன் எழுதின?"

"தெரியும்ப்பா. அண்ணன் பேரு எழுதக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. என் பேரு எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

"அதுக்காக எழுதிடுவியா?"

"இதுல எழுதினா கோவில்ல எல்லாரும் ஜெபம் பண்ணுவாங்கன்னு டீச்சர் சொன்னாங்க. நம்ம வீட்ல எனக்கு யாரும் பண்றதில்லப்பா."

லூர்துமேரி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுத அழுகையைப் பார்த்து ரீத்தா பயந்துபோய், "அழிச்சிடறேம்ப்பா, அழிச்சிடறேன்" என்றாள்.

எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டவனுக்கு ஆண்டவர் ஒரே வாரத்தில் பதில் சொன்னார். இந்தத் தீவில் நான் நிற்காத வாசல் இல்லை, என் வீட்டு வாசல் ஒன்றைத் தவிர. கொஞ்சம் தாமதித்திருந்தால் அவளையும் தொலைத்திருப்பேன், அதுவும் பூட்டிய வீட்டுக்குள்ளேயே. அந்தப் பிள்ளையை அவர் காப்பாற்றிக் கொடுத்தார். நன்றி என்ற வார்த்தை எனக்குப் போதவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபமாலையில் முதல் தடவையாக ரீத்தாவின் பெயரைச் சொன்னோம். மறுநாள் லூர்துமேரி சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ரீத்தாவை வெளியே விளையாட அனுப்ப இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. வெளிவட்டார வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து நான் அலுவலகத்துக்குள் மாறிக்கொண்டேன். சேவியருக்காக ஜெபிப்பதை நாங்கள் நிறுத்தவில்லை. வலியும் போகவில்லை, போகும் என்று யாருக்கும் பொய் சொல்லமாட்டேன். கேட்டது கிடைக்கவில்லை என்று பின்வரிசையில் வயிறெரிந்து உட்கார்ந்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்களுக்கும் அவர் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுப்பார். அது நீங்கள் கேட்டதாக இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நம்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வாரம் அந்தக் கடிதத்தோடு அதை அனுப்பிய அலுவலகத்துக்குப் போனேன். ரீத்தாவும் வந்தாள், இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. மகன் உயிரோடு இருக்கிறானா என்று அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். நான் ரீத்தாவைப் பார்த்தேன். அவள் படிவத்தை வாங்கி, காணாமல் போனவர், வீட்டில் காத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்தால், பஸ் நிறுத்தத்தில் பதினேழு பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். என் கால் நின்றுவிட்டது. அவன் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரீத்தா என் கையைப் பிடித்தாள். "வாங்கப்பா, பஸ் வந்திருச்சு. அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க" என்றாள்.

அவளோடு ஏறி வீட்டுக்குப் போனேன்.