ஜன்னல் இல்லாத ரூமே போதும் என்றவர்

கப்பல் சுற்றுலாவுக்கு ஆள் கூட்டிப்போகும் என்னைப் போன்றவர்கள் செக்-இன் கவுண்டரில் கெஞ்சுவது சாதாரணம். மேல்தளத்தில் ரூம் கிடைக்குமா, கடல் தெரிகிற பக்கமாக மாற்றிக் கொடுப்பார்களா என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். கொடுத்த நல்ல ரூமைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சியது ஒரே ஒரு தடவைதான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்பதால் அதை எழுதுகிறேன்.

1. கவுண்டர்

அன்று சிங்கப்பூர் துறைமுகத்தில் என் குழு வரிசையில் நின்றது. எல்லாரும் நெய்வேலிக்காரர்கள், பெரும்பாலும் ரிடையர் ஆனவர்கள். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, ஜன்னல் இல்லாத உள்ரூம்கள் அளவுக்கு மீறி புக் ஆகிவிட்டன என்றாள். அதனால் உங்கள் குழுவில் வருஷா வருஷம் வருகிற தம்பதிக்கு மேல்தளத்தில் பால்கனி வைத்த ரூமை இலவசமாகத் தருகிறோம் என்றாள். இலவசம் என்றதும் சந்தோஷத்தில் எனக்கு ஒரு நொடி தலைகால் புரியவில்லை. பின்னால் நின்ற கலியபெருமாள் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"வாணாங்க மேடம். எப்பவும் குடுக்கற மாதிரி கீழ இன்ஜின் பக்கத்துலயே ஒரு ரூமு குடுக்கச் சொல்லுங்க."

அவர் மனைவி பச்சையம்மாள் பக்கத்தில் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் கவுண்டரில் கேட்டேன். என் இங்கிலீஷில்தான் ஏதோ கோளாறு என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும், சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, பால்கனி என்றால் என்ன என்று எனக்கு நிறுத்தி நிதானமாக விளக்கினார். அது எனக்குத் தெரியும் ஐயா, என் ஆள் வேண்டாம் என்கிறாரே, அதற்கு வழி சொல்லுங்கள் என்றேன். வரிசை பின்னால் நீண்டுகொண்டே போயிற்று.

2. எங்கள் ஊர்க்காரர்களும் கப்பலும்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வந்து, மெயின் பஜாரில் ஒரு மேஜையைப் போட்டு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அப்புறம் காசி, அப்புறம் சிங்கப்பூர். 2010-களில் ஒருமுறை தயங்கித் தயங்கி ஒரு குழுவைக் கப்பலில் ஏற்றினேன். திரும்பி வந்தவர்கள் மறுவாரமே அடுத்தது எப்போது என்று கடைக்கு வந்துவிட்டார்கள்.

காரணம் பிற்பாடுதான் விளங்கியது. பஸ் டூர் என்றால் தினமும் விடியற்காலையில் பெட்டி கட்ட வேண்டும், மூட்டுவலியோடு படி ஏற வேண்டும். கப்பலில் ஒருமுறை பெட்டியைப் பிரித்தால் போதும், ஊர்தான் நம்மிடம் வரும். அதோடு எங்கள் ஆட்களுக்குக் கப்பல் புது இடமே இல்லை. மைன்ஸில் இருந்தது போலவே கழுத்தில் கார்டு, வாசலில் செக்யூரிட்டி, மணி அடித்தால் சாப்பாடு. முதல் நாள் நடக்கும் ஆபத்துக்காலப் பயிற்சியில் மற்ற ஊர்க்காரர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு ஸ்டாஃப் வருவதற்கு முன்னாலேயே வரிசையில் நிற்பார்கள்.

அவர்களோடு எனக்கு இருந்த தகராறு ரூம் விஷயத்தில் மட்டும்தான். டவுன்ஷிப்பில் வேலைத்தரத்தைப் பார்த்துத்தான் குவார்ட்டர்ஸ் கொடுப்பார்கள். அந்த வாசனை ரிடையர் ஆன பிறகும் போகாது. விஸ்வநாதன் சார் என்று ஒரு பழைய இன்ஜினியர், தனியாள், என் குழுவில் வருவார். கடைசி நேரத்தில் பணம் கட்டுவார், கிடைப்பதோ கீழ்த்தளத்து உள்ரூம். "எனக்கு ஜூனியர் எல்லாம் மேல இருக்கான், என்னம்மா அலாட்மெண்ட் இது?" என்பார். கப்பலில் சீனியாரிட்டி பார்ப்பதில்லை சார், சீக்கிரம் புக் செய்தவரைத்தான் பார்ப்பார்கள் என்று நானும் சளைக்காமல் சொல்வேன்.

மற்ற நடைமுறைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். வாந்தி மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, முன்னாலேயே போட வேண்டும். ஆட்டம் தாங்காதவர்களுக்குக் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் ரூம் எடுங்கள். பண்ருட்டி முந்திரியை எத்தனை பாக்கெட் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும், ஊறுகாய் பாட்டிலை மட்டும் பெட்டியில் வைக்க விடாதீர்கள். ஒருமுறை ஒரு பெட்டி முழுக்க மாவடுத் தண்ணீரில் ஊறி, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

3. பெல்ட் நின்றால்

கலியபெருமாள் அண்ணன் வருஷா வருஷம் கப்பலுக்கு வருவதும், அதே கீழ்த்தளத்து ரூமைக் கேட்பதும் சிக்கனத்தால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தப் பயணத்துக்கு முன்பே ஒருநாள் கடையில் டீ குடிக்கும்போது கிண்டலாகக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

மைன்ஸில் நிலக்கரியைச் சுமந்துபோகும் கன்வேயர் பெல்ட் ஓடுகிற இடத்தில் காது அடைக்கிற இரைச்சல் இருக்குமாம். அந்த இரைச்சல் இருக்கிறவரை எல்லாம் நலம். பெல்ட் நின்று சத்தம் அடங்கினால் எங்கேயோ கோளாறு, எல்லாரும் ஓட வேண்டும். அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். குடியிருந்த குவார்ட்டர்ஸிலும் ராத்திரி முழுக்க தெர்மல் என்கிற அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சேத்தியாத்தோப்புப் பக்கம் வயலுக்கு நடுவே வீடு கட்டிப் போனார்கள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், ஒரு சத்தம் கிடையாது. அன்றோடு அவர் தூக்கம் போயிற்று.

"சத்தம் இல்லன்னா என்னமோ நின்னுபோச்சின்னு ஒடம்பு எழுப்பி வுட்டுடுது மேடம். படுத்துகினு இருக்கறேன், தூங்கல" என்றார்.

டேபிள் ஃபேனை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். அப்போது கரண்ட் அடிக்கடி போகும். ஃபேன் நின்ற நொடியில் எழுந்து வாசல்வரை ஓடிவிடுவாராம். மழைக்காலத்தில் தவளை கத்தினால் கொஞ்சம் தேவலையாம். டாக்டர் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் மந்தமாகக் கிடந்தார். அப்படி இருக்கும்போதுதான் முதல்முறை கப்பலுக்கு வந்தார். இன்ஜினுக்குப் பக்கத்து ரூம், யாருமே கேட்காத ரூம். அன்று விடியும்வரை தூங்கியிருக்கிறார். எழுந்ததும் தனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று அவரே சொன்னார். மற்றவர்கள் கடல் பார்க்கக் கப்பல் ஏறுகிறார்கள், இந்த மனிதர் தூங்குவதற்கு ஏறுகிறார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கிண்டல் செய்ததற்காக இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

4. பச்சையம்மாள் சொன்னது

ஆகவே அன்று கவுண்டரில் நான் உயிரைக் கொடுத்துப் பேசினேன். சூப்பர்வைசரும் இறங்கி வந்து, வேறு யாரையாவது மாற்றிப் பார்க்கிறேன் என்று உள்ளே போனார். அப்போது பச்சையம்மாள் என் முந்தானையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் தானாக என்னிடம் பேச வந்தது அதுதான் முதல்முறை.

"கேக்காதீங்க மேடம். நைட் ஷிப்ட் முடிச்சி வந்து அவரு பகல்ல தூங்குவாரு. ஜன்னல சாத்திபுட்டு, வெளிச்சம் வராம போர்வைய கட்டிபுட்டு, புள்ளைங்கள வாயத் தெறக்காதீங்கன்னு அதட்டிகினே காலத்த ஓட்டிட்டேன். இங்க வந்தும் அதே இருட்டு ரூமு. இத்தன வாட்டி கப்பல்ல வந்துகினு இருக்கறேன், ரூம்லேருந்து ஒருவாட்டி கூட கடல பாத்ததில்ல."

எனக்குச் சுரீரென்றது. என் வீட்டுக்காரர் காலையில் போய் சாயங்காலம் திரும்பும் ஜெனரல் ஷிப்ட். ஷிப்ட்காரர் வீட்டுப் பெண்கள் பகலை எப்படிக் கழிப்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. ரூம் எது வேண்டும் என்று எப்போதும் அண்ணனிடம்தான் கேட்பேன், பச்சையம்மாள் பக்கத்தில் தலையாட்டுவார். இப்போது ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர். ஒருவருக்குத் தூக்கம் வேண்டும், இன்னொருவருக்கு ஜன்னல் வேண்டும். நான் யாருக்காகக் கெஞ்சுவது?

சூப்பர்வைசர் திரும்பி வந்து, உள்ரூம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று கையை விரித்தார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

5. ரிலீவர்

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு அண்ணன் கண் சிவந்து வந்தார். அந்த மேல்தளத்து ரூம் அவர் வயல்வீட்டைவிட நிசப்தமாக இருந்ததாம். பச்சையம்மாள் குளித்துப் பூ வைத்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். புருஷன் கண்ணைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. சாப்பிட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, பழைய மாதிரி கீழேயே மாற்றிவிடுங்கள், நான் பார்த்தவரைக்கும் போதும் என்றார். அவர் நகர்ந்ததும் அண்ணன் வந்தார்.

"மாத்தாதீங்க மேடம். வெளிய சேர போட்டு வுக்காந்துகினு தன்னால சிரிக்கறா. தூக்கம் எனக்கு வூட்லயும்தான் இல்ல."

அந்த நேரம் பார்த்து விஸ்வநாதன் சார் தட்டோடு வந்து உட்கார்ந்து, இந்தத் தடவையும் கிடைத்த கீழ்த்தளத்து உள்ரூமில் இன்ஜின் இரைச்சலில் இருக்கவே முடியவில்லை, ராத்திரி படுப்பதோடு சரி, பகல் முழுக்க மேல்தளத்தில் நாற்காலியில்தான் பொழுதைப் போக்கப்போகிறேன் என்று புலம்ப ஆரம்பித்தார். சார், அப்படியானால் பகலில் உங்கள் ரூம் காலிதானே என்று கேட்டேன். விஷயத்தை முழுக்கச் சொன்னேன். ஓர் ஆபரேட்டரைத் தன் ரூமில் படுக்க விடுவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அவர் கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தார். பிறகு எழுந்து அண்ணனின் தோளில் கைவைத்தார்.

"வாங்க கலியபெருமாள். பகல் உங்க ஷிப்ட், ராத்திரி என் ஷிப்ட். நான்தான் ரிலீவர்."

ஷிப்ட் முடிந்தவரை விடுவிக்க வரும் ஆளைத்தான் ரிலீவர் என்பார்கள். அந்தப் பயணம் முடியும்வரை அப்படியே நடந்தது. காலையில் சார் கதவைத் திறந்துவிடுவார், அண்ணன் போய்ப் படுப்பார். கப்பல் கரையில் நிற்கும்போதும் ஜெனரேட்டர் ஓடும், அவருக்கு அந்தச் சத்தமே போதும். சாயங்காலம் ஆனதும் சார் காபியோடு போய் எழுப்புவார். இரவில் அண்ணன் மனைவியோடு பால்கனியில் உட்கார்ந்திருப்பார். பகலில் பச்சையம்மாள் திரையை முழுக்க விலக்கிவிட்டு வெளிச்சத்தில் இருப்பார். ரிடையர் ஆன மனுஷனுக்கு மறுபடி நைட் ஷிப்ட் போட்டுவிட்டீர்கள் என்று குழுவில் என்னைக் கேலி செய்தார்கள்.

6. கடைசியில்

ஊர் திரும்பியும் எனக்கு மனம் ஒப்பவில்லை. வருஷா வருஷம் விஸ்வநாதன் சாரை நம்பி ரூம் போட முடியுமா? கப்பலின் தள வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பழைய பயணிகள் எழுதிய புகார்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பின்கோடியில், கீழ்த்தளத்தில் சில பால்கனி ரூம்கள் இருந்தன. கட்டில் அதிர்கிறது, இன்ஜின் உறுமிக்கொண்டே இருக்கிறது, ஒருக்காலும் எடுக்காதீர்கள் என்று ஆளாளுக்குத் திட்டியிருந்தார்கள். அடுத்த பயணத்துக்கு அதில் ஒன்றைத்தான் போட்டேன். போடுவதற்கு முன் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அன்றிலிருந்து தம்பதி யார் வந்தாலும் அப்படித்தான் கேட்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பக்கத்தில் தலையாட்டுகிறவருக்கும் ஒரு ரூம் வேண்டியிருக்கும்.

அந்தப் புது ரூமில் போன பயணத்தில் ஒரு நாள் முழுக்கக் கடல்தான், கரை கிடையாது. மத்தியானம் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க அவர்கள் ரூம் கதவைத் தட்டினேன். பச்சையம்மாள் திறந்தார். பால்கனித் திரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விலகியிருந்தது. கட்டிலில் பாதிக்கு வெயில். அண்ணன் அந்த வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தரை மெல்ல அதிர்ந்தது. எழுப்பிவிடக்கூடாது என்று நான் கிசுகிசுப்பாக, அப்புறம் வருகிறேன் என்று சொல்லித் திரும்பினேன். பச்சையம்மாள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"சத்தமாவே பேசுங்க மேடம். இன்ஜின் ஓடிகினு இருக்குது, அவரு எழுந்திரிக்க மாட்டாரு."