விற்பவர் பட்டியலில் இரண்டாம் பெயர்

மும்பை செம்பூரில் நாங்கள் வாங்க நினைத்த வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் களைத்துப்போன என் மனைவி, பார்த்த அன்றே மனதுக்குள் அதில் குடியேறிவிட்டாள்.

விற்பவர் மாட்டுங்காவில் வளர்ந்த, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வீடு அவருடைய அப்பா வாங்கியது. அப்பா காலமானதும், நாமினி என்ற முறையில் மகனின் பெயரை, அந்தக் கட்டடத்தின் வீட்டு உரிமையாளர் சங்கமான சொசைட்டி தன் பங்குச் சான்றிதழில் எழுதிக் கொடுத்திருந்தது. முத்திரையும் செயலாளரின் கையெழுத்தும் இருந்தன. எங்களுக்கு அது போதுமானதாகத் தெரிந்தது.

தாதரில் இருந்த எங்கள் வக்கீலம்மாவுக்கு அது போதவில்லை.

"நாமினின்னா வாரிசுங்களுக்காக வாங்கி வெச்சிருக்கிற ஆளு. அதனாலயே சொந்தக்காரர் ஆயிட மாட்டார். உயில் இருக்கா? கூடப் பிறந்தவங்க?"

உயில் இல்லை. தாணேயில் அவருக்கு ஒரு தங்கை இருந்தார். விற்பவரிடம் போனில் கேட்டேன்.

"அவளுக்குக் கல்யாணத்துலேயே எல்லாம் பண்ணியாச்சு சார். வைரத்தோடு உள்பட."

அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். எனக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. என் அக்காவின் கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டிலும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன்.

சொத்துரிமைக்கும் காப்பீடு உண்டு என்று படித்த ஞாபகம். நாளைக்குத் தங்கை வழக்குப் போட்டால் கம்பெனி பார்த்துக்கொள்ளாதா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன்.

"இங்க பில்டருங்க முழு ப்ராஜெக்டுக்கு எடுக்கிறாங்க. உங்க ஒரு ஃப்ளாட்டுக்கு யார் தருவாங்கன்னு தேடணும். கிடைச்சாலும் தெரியாத ஓட்டைக்குத்தான் காப்பு. உங்களுக்குத்தான் தங்கச்சியத் தெரிஞ்சு போச்சே."

"நான் கேக்காமலே இருந்திருந்தா?"

"கம்பெனி கேட்டிருக்கும். அப்போ பொய் சொல்லியிருப்பீங்களா?"

தங்கையைப் போய்ப் பார்க்கிறோம் என்றேன். நான் கேள்வியைத் தாண்டிப் போனதை அவர் கவனித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, தங்கை தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக வக்கீலம்மா எழுதித் தந்த விடுதலைப் பத்திரத்தின் வரைவோடு தாணே போனோம். அறுபது வயதிருக்கும் அவருக்கு. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அப்பா வாங்கின ஆத்தை விக்கறானா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

என் மனைவி காபி டம்ளரைக் கையில் வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

"விக்கட்டும். நான் குறுக்கே நிக்கலை. ஆனா விட்டுக்கொடுத்தேன்னு கையெழுத்துப் போட மாட்டேன். வித்தேன்னு போடறேன்."

அப்படிப் போட்டால் விலையிலும் அவருக்குப் பங்கு வரும். அதைச் சொன்னதும் அண்ணன் இரண்டு வாரம் என் போனை எடுக்கவில்லை. என் மனைவி செம்பூர்ப் பேச்சையே நிறுத்தியிருந்தாள். பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டார். "சரி, அவளையும் சேத்துக்கோங்கோ."

பத்திரப்பதிவு அலுவலகத்தில் எல்லோரையும் வரிசையாகப் படம் எடுத்தார்கள். தங்கையின் முறை வந்தபோது குமாஸ்தா நிமிர்ந்து, சாட்சியா என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை. வீட்டுக்குச் சொந்தக்காரி" என்று இந்தியிலேயே சொல்லிவிட்டு, அவர் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.